தொழில்நுட்பமும் பாதுகாப்புக் கொள்கையும்: மாணவர் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில்நுட்பம் பாதுகாப்பை எப்படிப் பாதிக்கிறது, அரசுகள் அதற்கு என்ன விதி வகுக்கின்றன என்பதை ஆராயும் தொழில்நுட்பப் பாதுகாப்புக் கொள்கையைப் படிக்க விரும்பும் மாணவர்களில் பலர் துறையைத் தேர்ந்தெடுப்பதிலேயே தடுமாறுகிறார்கள். இந்தப் பாடம் ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் புலத்திலும், இன்னொன்றில் பன்னாட்டு உறவுகள் துறையிலும், வேறொன்றில் சட்டப் புலத்திலும் இருக்கும். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மற்றும் பொதுக்கொள்கைத் துறை கணக்கிலும் அறிவியலிலும் தேர்ந்தவர்களை எதிர்பார்க்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் போரியல் துறையில் வரலாறும் அரசியலும் முன்னே நிற்கின்றன. தரவரிசைப் பட்டியலை மட்டும் நம்பி விண்ணப்பிப்பவருக்கு இந்த வேறுபாடு சேர்ந்த பிறகுதான் தெரிய வருகிறது. அத்துறையில் அண்மையில் ஏற்கப்பட்ட ஆய்வேடுகளின் தலைப்புகளை முன்கூட்டியே வாசித்திருந்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, கொள்கை படிப்பவருக்குத் தொழில்நுட்ப நுணுக்கம் வேண்டியதில்லை என்றோ, தொழில்நுட்பம் தெரிந்தவருக்குக் கொள்கை தானாக விளங்கிவிடும் என்றோ எண்ணிக்கொள்வது. 1990-களில் அமெரிக்கா வலுவான குறியாக்க (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும்) மென்பொருளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, வெளிநாடுகளுக்கான பதிப்புகளில் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையின் சாவி நீளம், வலுக்குறைந்த 512 பிட்டோடு நிறுத்தப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் விதிகள் பெருமளவு தளர்ந்தன. ஆனால் அந்த வலுக்குறைந்த முறைக்கான நிரல் பல சர்வர்களிலும் பிரவுசர்களிலும் நீக்கப்படாமலே கிடந்தது. இணைப்பின் நடுவே நுழைபவர் இரு தரப்பையும் அந்தப் பழைய முறைக்கு இறங்கச் செய்து, வாடகைக் கணினிகளைக் கொண்டு சில மணி நேரத்தில் சாவியை உடைத்துவிட முடியும் என்பதை, 2015 மார்ச்சில் வெளியான ஃப்ரீக் தாக்குதல் காட்டியது. சட்டம் மட்டும் படித்தவருக்கு இது 2000-லேயே முடிந்துபோன விவகாரம். நிரல் மட்டும் படித்தவருக்கு 2015-இல் அகப்பட்ட ஒரு பிழை. ஓர் அரசாணை பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஓட்டையாக எஞ்சியிருந்ததைக் காண்பதற்கு இரண்டு கண்ணும் வேண்டும். இதற்காகக் கொள்கை மாணவர் ஒருவர் மென்பொருள் வல்லுநராக வேண்டும் என்பதில்லை. கணினி வலையமைப்பு, குறியாக்கம், புள்ளியியல் ஆகியவற்றில் முறையாக ஒவ்வொரு பாடம் படித்திருந்தால், பிறர் சொல்வதைச் சரிபார்க்கும் அளவுக்குத் தெளிவு வந்துவிடும்.

ஆய்வு வினாவை அகலமாக அமைப்பது அடுத்த தவறு. "செயற்கை நுண்ணறிவு உலகப் பாதுகாப்பை எவ்வாறு பாதிக்கிறது?" என்ற வினாவுக்கு ஒரு பருவத்தில் மட்டுமல்ல, ஓர் ஆயுளிலும் விடை எழுத முடியாது, எழுதினாலும் அது செய்தித்தாள் கட்டுரைகளின் தொகுப்பாகவே முடியும். யார், எப்போது, எந்த முடிவை எடுத்தார் என்பது வினாவுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆயுதங்களும் இராணுவத்துக்கும் பயன்படக்கூடிய தொழில்நுட்பங்களும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஏற்பாடான வாசெனார் உடன்பாட்டை எடுத்துக்கொள்வோம். 2013-இல் அதன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஊடுருவல் மென்பொருளை (பிறர் கணினிக்குள் பாதுகாப்பை மீறி நுழைவதை) உருவாக்கவும் இயக்கவும் உதவும் கருவிகள் சேர்க்கப்பட்டன. 2015-இல் அமெரிக்கா அதை நடைமுறைப்படுத்த ஒரு வரைவு விதியை வெளியிட்டபோது, தங்கள் அன்றாடப் பணியே உரிமம் கேட்டு நிற்க வேண்டியதாகிவிடும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2017-இல் குறைபாடுகளைத் தெரியப்படுத்துவதற்கும் தாக்குதல்களை எதிர்கொள்வதற்கும் விலக்கு அளிக்கப்பட்டது. "அந்த விலக்கை யார் யார் கோரினார்கள், கோரியதில் எது ஏற்கப்பட்டது, எது கைவிடப்பட்டது?" என்று கேட்டால், அமெரிக்க வரைவின் மீது வந்த பொதுமக்கள் கருத்துகளும் பட்டியலின் வெவ்வேறு பதிப்புகளும் வெளிப்படையாகக் கிடைப்பதால், ஓர் இளநிலை மாணவரே விடை தேட முடியும். இரகசிய ஆவணம் கிடைத்தால்தான் பாதுகாப்பு ஆய்வு சாத்தியம் என்ற எண்ணம் எவ்வளவு பொய்யானது என்பதும் அப்போது புரியும்.

சான்றுகளைக் கையாள்வதில் அவசரம் கூடாது. 2018-இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவைக் குறிவைத்த தீம்பொருளில், வட கொரியக் குழுவைச் சுட்டும் தடயங்கள் வேண்டுமென்றே விதைக்கப்பட்டிருந்தன. அடுத்த மாதமே அவை போலி என்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2020-இல் அமெரிக்கா குற்றம் சாட்டியது ரஷ்ய இராணுவ உளவுத்துறை அதிகாரிகள் மீது. முதல் வாரச் செய்தியை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரை எங்கே போய் நின்றிருக்கும்? பாதுகாப்பு நிறுவனங்களின் அறிக்கைகள் பயனுள்ளவைதாம். ஆயினும் அவற்றை எழுதியவர்களுக்கு விற்பனை நோக்கமும் உண்டு என்பதை மறக்காமல், ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது தடயம், எது ஊகம் என்று பிரித்து எழுத வேண்டும்.

நெறிமுறை அனுமதியைக் கடைசியில் நிரப்பும் படிவமாகக் கருதுவது ஆய்வையே கவிழ்த்துவிடும். மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குறைபாடுள்ள திருத்தங்களை, யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்த மூல மென்பொருளுக்குள் நுழைக்க முடியுமா என்று சோதிப்பதற்காக, லினக்ஸ் இயக்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பராமரிப்பாளர்களுக்குத் தெரிவிக்காமலேயே அத்தகைய திருத்தங்களை அனுப்பினார்கள். இது மனிதர்கள் மீதான ஆய்வு அல்ல என்று பல்கலைக்கழக நெறிமுறைக் குழு கூறியிருந்தும், 2021 ஏப்ரலில் அப்பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகள் மொத்தமாகத் தடை செய்யப்பட்டன. கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. குழுவின் ஒப்புதல் என்பது குறைந்தபட்ச நிபந்தனைதான். 2012-இல் வெளியான மென்லோ அறிக்கை கணினி ஆய்வுக்கான நெறிமுறைகளுக்கென்றே எழுதப்பட்டது. சிறியதுதான், ஆய்வைத் தொடங்கும் முன் வாசித்துவிடலாம்.

வாய்ப்புகளைத் தேடும்போது தகுதி விதிகளை முதலில் பார்க்க வேண்டும். சைபர் பாதுகாப்பு படிப்பவர்களுக்கான அமெரிக்க அரசின் சைபர்கார்ப்ஸ் உதவித்தொகை குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியது. அதைப் பெறுபவர் அரசுப் பணியும் ஆற்ற வேண்டும். ஸ்டான்போர்டின் பன்னாட்டுப் பாதுகாப்பு மையம் நடத்தும் சிறப்புப் பட்டத் திட்டத்தில் எந்தப் பாடத்தை முதன்மையாகக் கொண்டவரும் சேரலாம், ஆனால் அங்கே படிக்கும் இளநிலை மாணவராக இருக்க வேண்டும். வாஷிங்டனில் உள்ள கொள்கை ஆய்வு நிறுவனமான அட்லாண்டிக் கவுன்சில் 2012-இல் தொடங்கிய சைபர் 9/12 போட்டி, கற்பனையான ஒரு நெருக்கடியைக் கொடுத்து அரசுக்கான பரிந்துரையை எழுதச் சொல்கிறது. புதிய தகவல் வந்ததும் பரிந்துரையை மாற்றி எழுதும் பயிற்சி வகுப்பறையில் எளிதில் கிடைப்பதில்லை.

பேராசிரியர்களுக்கு எழுதும் மின்னஞ்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். "தங்கள் ஆய்வுகளில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்று தொடங்கும் கடிதத்தை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதால், அது பெரும்பாலும் பதிலின்றியே போகிறது. அவருடைய ஒரு கட்டுரையை முழுமையாகப் படித்து, அதில் விடைபெறாத ஒரு கேள்வியைச் சுட்டி, அதற்கான தரவைத் திரட்டவோ ஆவணங்களை வகைப்படுத்தவோ தம்மால் எவ்வளவு நேரம் தர முடியும் என்று நான்கைந்து வாக்கியங்களில் எழுதி, தாம் முன்பு எழுதிய ஒரு சிறு ஆய்வையும் இணைத்து அனுப்புகிறவரின் கடிதத்துக்குப் பதில் வர வாய்ப்பு அதிகம்.