ஜப்பான் ரயில் பாஸ் எடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்

ஜப்பான் போகிறேன் என்று சொன்னாலே "ஜே.ஆர். பாஸ் எடுத்தாச்சா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜப்பான் ரயில்வே (ஜே.ஆர்.) ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்கிற பாஸ் அது. ஆனால் அதெல்லாம் பழைய கதை. 29,650 யென்னாக இருந்த ஏழு நாள் பாஸ், 2023 அக்டோபரில் ஒரேயடியாக 50,000 யென் ஆகிவிட்டது. முதல் முறை போகிறவர்களில் பலருக்கு இப்போது அது தேவையே இல்லை.

படி 1: ஊர்களை வரிசைப்படுத்துங்கள்

விமான டிக்கெட்டை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்பது வழக்கமான பாதை. டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து கிளம்பும்படி 'மல்டி சிட்டி'யில் தேடுங்கள். விமானக் கட்டணம் சற்றுக் கூடினாலும், டோக்கியோவுக்குத் திரும்பும் ரயில் செலவும் அரை நாளும் மிச்சம்.

படி 2: கூட்டிப் பாருங்கள்

டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நொசோமி என்ற வேகமான ஷின்கான்சென்னில் (புல்லட் ரயில்) முன்பதிவு இருக்கை சுமார் 14,000 யென். அங்கிருந்து ஒசாகாவுக்குச் சாதாரண ரயிலில் சுமார் 600. ஆக, 15,000-க்குள் முடிந்தது. ஹிரோஷிமா வரை போய் டோக்கியோ திரும்பினாலும் சுமார் 40,000தான் வரும். அதே வாரத்தில் வடக்கே சென்டாய்க்கும் போய்வந்தால் 60,000-ஐத் தாண்டும். அப்போது பாஸ் எடுங்கள். பாஸ் இருந்தாலும் நொசோமிக்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் உண்டு.

படி 3: ஷின்கான்சென் முன்பதிவு

ஸ்மார்ட் ஈ.எக்ஸ். செயலியில் வெளிநாட்டு கார்டு வைத்தே பதிவு செய்யலாம். சாதாரண நாட்களில் பதற்றம் வேண்டாம். ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுவில் ஓபோன் பண்டிகை, புத்தாண்டு ஆகிய நாட்களில் மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அப்போது நொசோமியில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது.

உங்கள் சூட்கேஸின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.-ஐத் தாண்டினால், பெரிய பெட்டி வைக்கும் வசதியுள்ள இருக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குக் கூடுதல் காசு இல்லை. கியோட்டோ போகும்போது 'ஈ' (E) இருக்கை கிடைத்தால் விடாதீர்கள், வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலை அந்தப் பக்கம்தான் தெரியும்.

படி 4: சுயிகா

பணம் நிரப்பித் தட்டிப் பயன்படுத்தும் கார்டு இது. பெரும்பாலான உள்ளூர் ரயில், பஸ், கடைகளுக்கு இந்த ஒரு கார்டு போதும். டோக்கியோவில் வாங்கியதை ஒசாகாவிலும் தட்டலாம். ஐபோன் என்றால் வாலட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் வேலை செய்யாது. கையில் வைத்திருக்கும் கார்டு என்றால் நிலைய இயந்திரத்தில் ரொக்கம் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். உச்சவரம்பு 20,000 யென்.

படி 5: ரொக்கம்

சின்ன உணவகங்களிலும் கோயில் நுழைவுச்சீட்டுக்கும் பல இடங்களில் ரொக்கம்தான். மொத்தப் பணத்தையும் இங்கேயே மாற்றிச் சுமக்க வேண்டாம். முதல் நாள் செலவுக்குக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, மீதியை அங்கே செவன் இலெவன் கடை ஏ.டி.எம்.மில் எடுங்கள். இந்திய வங்கி கார்டு என்றால் கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை 'ஆன்' செய்துவிடுங்கள். ஏ.டி.எம். திரையிலோ கடையிலோ ரூபாயா, யென்னா என்று கேட்டால், யோசிக்காமல் யென்னையே தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் அவர்கள் லாபமும் சேர்ந்துவிடும்.

சில்லறை சீக்கிரம் குவியும். 500 யென் நாணயம் நம் கணக்கில் சில நூறு ரூபாய், ஆனால் ஊர் திரும்பினால் நாணயத்தை மாற்றித் தரமாட்டார்கள். கடைசி இரண்டு நாட்களில் நாணயங்களாகவே கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.