பிள்ளையை நாய் கடித்தால் நாம் செய்யும் தவறுகள்

கெடாவின் பீடோங் மாதிரியான தோட்டப்புறப் பட்டணங்களில் லயத்து நாய்களோடுதான் பிள்ளைகள் வளர்கிறார்கள். அதனால்தான் "சின்னக் கீறல்தானே, நம்ம நாய்தானே" என்று விட்டுவிடுகிறோம். பெரிய தவறு இதுதான். ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு என்று மலேசியா பெயர் வாங்கியிருந்தது. ஆனால் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு நாய்களிடம் அது மறுபடி தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் பரவியபோது முதலில் பலியானவர்களில் சிறு குழந்தைகளும் உண்டு.

பிள்ளைகள் குள்ளம். கடி முகத்திலும் கழுத்திலும் விழும். கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. முகத்திலிருந்து மூளைக்கு வழி குறைவு. நோய்க்குறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

அடுத்தது, காயத்தில் மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு அப்புவது. தயவுசெய்து வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். துணி துவைக்கும் கட்டிச் சோப்பே போதும். கிருமியின் கொழுப்பு உறையை அது கரைத்துவிடும். பிள்ளை வீறிட்டு அழும், இரண்டு நிமிடத்தில் நமக்கே மனசு கேட்காது. அங்கேதான் விடக்கூடாது. ஒருவர் மடியில் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி கழுவட்டும். இறுக்கிக் கட்டுப் போடாமல், அப்படியே கிளினிக்குக்குக் கிளம்புங்கள்.

"கிட்டப் போகாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்!" என்று முதுகில் ஒன்று வைப்பதும் வேண்டாம். அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை கடியை மறைத்துவிடும். பூனையோ குரங்கோ பிறாண்டினாலும், வாய்க்குள்ளோ புண்ணிலோ நாய் நக்கினாலும் பயப்படாமல் வந்து சொல்லும்படி பழக்குங்கள்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பதெல்லாம் பழைய கதை. இப்போது கையில் போடுகிறார்கள், இரண்டு வயதுக்குள் என்றால் தொடையில். பெரும்பாலும் நாலு ஊசி: முதல் நாள், அதிலிருந்து 3, 7-ஆம் நாள்கள், அப்புறம் 14-இலிருந்து 28-க்குள் ஒன்று. இரண்டாவதோடு "பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் வந்த கடி என்றால் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதைக் காயத்திலேயே போடுவார்கள். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டிவிட்டால் அதனால் பயனில்லை.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். முடிந்தால் ஆபத்தில்லாமல் அடைத்து வைத்துக் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். 10 நாளும் நாய் நன்றாக இருந்தால் மிச்ச ஊசியை நிறுத்தலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். அதற்காக 10 நாள் காத்திருந்து ஊசியைத் தொடங்குவது உயிரோடு விளையாடுவது.

கடித்து ஒரு மாதமாகி, காயமும் ஆறிவிட்டதா? இன்றைக்கே கூட்டிப் போங்கள். நோய்க்குறி தெரியப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஊசிக்கு இன்னும் நேரம் இருக்கலாம்.