நாற்றம் வந்தால் காய்ந்த இலை போடுங்கள்

குப்பையைக் குறைக்க நான் முதலில் கை வைத்தது சமையலறை வாளியில்தான். சமையல் கழிவை உரமாக்க, பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டேன். காய்கறித் தோல் ஒரு பங்கு என்றால், காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ 2 பங்கு. முதல் மாதம் இலையில் கஞ்சத்தனம் பார்த்தேன். மூடியைத் திறந்தால் குடலைப் புரட்டியது. ஈரம் கூடி, காற்று போகாததுதான் காரணம். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் பதம் போதும். வாரம் ஒருமுறை கிளறுங்கள். சில மாதங்களில் கறுத்து, உதிரியாகி, மழை நனைத்த மண்போல மணக்கும்.

மற்றதெல்லாம் சுலபம். டப்பாவைக் கழுவிக் காயவைத்து மறுசுழற்சிக்குப் போடுங்கள். எண்ணெய் பட்ட காகிதத்தைப் பழைய பேப்பரோடு சேர்க்காதீர்கள். பேட்டரி தனியாக. துணிப்பையைக் கதவுப் பிடியில் மாட்டுங்கள். அலமாரியில் வைத்து நான் மறந்த நாட்களே அதிகம்.