தமிழில் தலைப்பு, லிங்கில் 'புளொக்-போஸ்ட்': கடைக்குப் புளொக் தொடங்குகிறவர்களுக்கு

வெள்ளவத்தையில் ஒரு தையல்கடை என்று வைத்துக்கொள்வோம். பேஸ்புக் பக்கம் இருக்கிறது, வட்ஸ்அப்பும் இருக்கிறது. ஆனாலும் "சாரி பிளவுஸ் தைக்க எத்தனை நாள்? துணி நாங்களே கொண்டுவரலாமா?" என்ற கேள்விக்குத் தினமும் பதில் ரைப் பண்ணவேண்டியிருக்கிறது. பேஸ்புக்கில் போட்ட பதில் இரண்டு நாளில் கீழே போய்விடும். புளொக்கில் போட்டால் கூகுளில் தேடுகிறவருக்கும் கிடைக்கும், வட்ஸ்அப்பில் கேட்கிறவருக்கும் லிங்கை அனுப்பிவிடலாம்.

இதற்குக் கூகுளின் இலவசப் புளொக் தளமான புளொக்கரே போதும். வேர்ட்பிரஸ் டொட் கொம்மின் இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரம் வரும், சொந்த டொமைனை (உங்கள் பெயரில் வாங்கும் இணைய முகவரியை) இணைக்கக் காசு கட்டவேண்டும். புளொக்கரில் டொமைனுக்கு மட்டும்தான் செலவு. திறக்கும்போது கடைக்கென்று உள்ள ஜிமெயிலில் திறவுங்கள். கடையில் நிற்கிற தம்பியின் ஜிமெயிலில் திறந்தால், அவர் வேலையை விட்டுப் போகும்போது புளொக்கும் அவரோடு போய்விடும்.

படி 1: ஒரு கேள்விக்கு ஒரு பதிவு

விலை, நாள், கொண்டுவரவேண்டியவை: மூன்றையும் எழுத்தாகவே எழுதுங்கள். கன்வாவில் அழகாகச் செய்த படத்துக்குள் விலையை வைத்தால் தேடலில் அது அகப்படும் என்று நம்பமுடியாது. அச்சகத்தில் அடித்த நோட்டீஸிலிருந்து எழுத்தை அப்படியே எடுத்து ஒட்டுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். அது பாமினி என்ற பழைய முறை எழுத்துருவில் இருந்தால் புளொக்கில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத்தான் வரும். பாமினியை, இணையத்தில் வாசிக்கக்கூடிய யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

படி 2: பேர்மாலிங்க் (பதிவின் முகவரி)

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். புளொக்கர், தலைப்பில் உள்ள ஆங்கில எழுத்தையும் இலக்கத்தையும் மட்டும் எடுத்துப் பதிவின் முகவரியைச் செய்கிறது. முழுத் தமிழ்த் தலைப்பு என்றால் முகவரி வெறும் 'புளொக்-போஸ்ட்' ஆகிவிடும்; அடுத்தடுத்த பதிவுகளுக்குப் பின்னால் ஒரு எண் ஒட்டும். "2 நாளில் சாரி பிளவுஸ்" என்று வைத்தால் முகவரியில் மிஞ்சுவது அந்த '2' மட்டும். வட்ஸ்அப்பில் இதைப் பார்க்கிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது.

பப்ளிஷ் அழுத்துவதற்கு முன், வலப்பக்கத்துப் போஸ்ட் செட்டிங்ஸில் பேர்மாலிங்க்கைத் திறந்து கஸ்டம் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். சாரி, பிளவுஸ், வெள்ளவத்தை என்ற மூன்று சொற்களையும் ஆங்கில எழுத்தில், இடையில் சிறுகோடு போட்டு எழுதினால் போதும். கொழும்பில் நிறையப்பேர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் ரைப் பண்ணித்தான் தேடுகிறார்கள்.

முகவரியில் தமிழை அப்படியே வைத்திருக்கும் தளங்களிலும் சிக்கல் உண்டு. லிங்கைக் கொப்பி பண்ணி ஒட்டினால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் (புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறியீடுதான்) நூற்றுவீதக் குறிகளோடு 9 எழுத்தாக நீளலாம். 'வெள்ளவத்தை' என்ற ஒரு சொல் மட்டும் 90 எழுத்து. அதை எந்த விசிட்டிங் கார்டில் அடிப்பது?

ஏற்கெனவே பப்ளிஷ் செய்துவிட்டீர்களா? பதிவை ட்ராஃப்டுக்குத் திருப்பினால்தான் பேர்மாலிங்க்கை மாற்றலாம். ஆனால் மாற்றியதும், முன்பு அனுப்பிய லிங்க் எல்லாம் செத்துவிடும். அதனால் செட்டிங்ஸில் எரர்ஸ் அண்ட் ரீடைரெக்ட்ஸ் பகுதிக்குப் போய், பழைய லிங்கைப் புதியதற்குத் திருப்பிவிடும் கஸ்டம் ரீடைரெக்டில் பழைய முகவரியையும் புதியதையும் கொடுத்து, பேர்மனன்ட்டை ஒன் செய்யுங்கள். இரண்டையும் டொமைன் இல்லாமல், ஆண்டுக்கு முன்னால் வரும் சாய்கோட்டிலிருந்து எழுதவேண்டும். முழு முகவரியை ஒட்டினால் வேலை செய்யாது.

படி 3: படம்

பதிவின் முதல் படம் 1200க்கு 630 பிக்சலில், 300 கேபிக்குள் இருக்கட்டும். போன் கமெராப் படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். ஸ்கூஷ் என்ற இலவசக் கருவியில் சுருக்கிக்கொள்ளலாம். லிங்கைப் பகிரும்போது பேஸ்புக்கில் பழைய படமே வந்துகொண்டிருந்தால், அவர்களுடைய லிங்க் சோதிக்கும் பக்கமான ஷெயரிங் டிபக்கரில் லிங்கைப் போட்டு ஸ்க்ரேப் அகெய்ன் அழுத்துங்கள்.

படி 4: வட்ஸ்அப் லிங்க்

பதிவின் முடிவில், அழுத்தினால் உங்களோடு வட்ஸ்அப் உரையாடலைத் திறக்கும் டபிள்யூஏ டொட் மீ லிங்க் ஒன்று கட்டாயம். அதில் வரும் உங்கள் போன் இலக்கத்தின் முன் பூச்சியத்தை எடுத்துவிட்டு 94 போடவேண்டும். கூட்டல் குறி, இடைவெளி, கோடு எதுவும் கூடாது. 94க்குப் பிறகும் பூச்சியத்தை எடுக்காமல் வைத்திருப்பதுதான் வழமையான பிழை. அப்படி இருந்தால், இலக்கம் செல்லாது என்று வட்ஸ்அப் சொல்லிவிடும். லிங்கின் கடைசியில் கேள்விக்குறி, டெக்ஸ்ட், சமன் குறி போட்டு "பிளவுஸ் பதிவு பார்த்தேன்" என்று ஒரு வரி சேருங்கள். அழுத்துகிறவரின் வட்ஸ்அப்பில் அந்த வரி தயாராக வந்து நிற்கும், எந்தப் பதிவு ஆளைக் கொண்டுவந்தது என்றும் உங்களுக்குத் தெரியும். தொடக்கத்தில் பார்வையாளர் கணக்கைக் காட்டும் அனலிட்டிக்ஸ் படிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 5: கூகுளுக்குத் தெரிவித்தல்

தளத்தைக் கூகுள் தேடலுக்குத் தெரிவிக்கும் சேர்ச் கொன்சோலில் புளொக்கைச் சேர்த்து, சைட்மெப் (பதிவுகளின் முகவரிப் பட்டியல்) பகுதியில் 'சைட்மெப் டொட் எக்ஸ்எம்எல்' கொடுங்கள். கூகுள் மெப்பில் கடை இருந்தால் அங்கும் வெப்சைட் பெட்டியில் புளொக் லிங்கைப் போடுங்கள்.

பிற்சேர்க்கை: பிறகு டொமைன் வாங்கி இணைத்தவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். புளொக்கர் தருவது இரண்டு சிநேம் பதிவுகள் (டொமைன் விற்றவரின் தளத்தில், டொமைனைப் புளொக்கோடு இணைக்கப் போடும் வரிகள்). முதலாவதை மட்டும் போட்டுவிட்டு எரர் வருகிறது என்கிறார்கள். இரண்டாவது, உங்கள் புளொக்குக்கென்றே வரும் நீண்ட குறியீடு, அதுவும் வேண்டும். மற்றது, சேர்ச் கொன்சோலில் புதிய டொமைனைத் தனியாகச் சேர்த்துச் சைட்மெப்பையும் திரும்பக் கொடுக்கவேண்டும். பழைய புளொக்ஸ்பொட் லிங்க்குகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அவை தானாகவே புதிய டொமைனுக்குத் திரும்பிவிடும்.