எஞ்சின் மாற்றவா? எஞ்சின் செத்த காரையே தேடுங்கள்

வேகமான எஞ்சின் போட பழைய கார் தேடுபவர்கள், எஞ்சின் பழுதாகி நிற்கிற, ஆனால் பொடி, அதாவது காரின் உடல் தகடு, துருவேறாத வண்டியை வாங்குங்கள். எப்படியும் கழற்றப்போகிற எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்பதற்காக எதற்குக் கூடுதல் விலை? கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் கடலோரம் நின்ற கார்களை உப்புக்காற்று அடியிலிருந்துதான் தின்னும், மேலே பெயின்ட் பளபளக்கும், அதனால் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள், பொனட்டைத் திறந்து முன் சொக் அப்சோபர் பூட்டுகிற இடத்தில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாவிட்டால் உள்ளே துருவை மறைக்க அப்பிய புட்டிப் பசைதான். வலுவான எஞ்சினின் சுமையைத் தாங்க வேண்டியதே இந்தத் தகடுகள்தான், அவை துருப்பிடித்திருந்தால் டிங்கரிங் (தகடு திருத்தும்) செலவு எஞ்சின் விலையையே தாண்டிவிடும்.

என் தெரிவு பழைய டிஎக்ஸ் கொரோலா. பின்சக்கர இழுவை, அந்த வரிசைக்கு டொயோட்டாவே 1.6 லீட்டர் இரட்டைக் கேம் எஞ்சினும் போட்டு விற்றது. பிரேக்குக்கும் காசு ஒதுக்குங்கள்.

இருக்கிற எஞ்சினோடே ஓட்ட நினைப்பவர்களுக்கு இது சரிவராது. அப்புறம், செஸி இலக்கம் (காரின் தகட்டில் பொறித்த அடையாள எண்) பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகாத கார் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், புது எஞ்சினை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள்.