எடைக் குறைப்பு அறுவைக்கு முன் திருத்திக்கொள்ள வேண்டிய சாப்பாட்டுத் தவறுகள்

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களியை யாரும் மெல்ல மாட்டோம். உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, கீரைக் கடைசலிலோ கருவாட்டுக் குழம்பிலோ தோய்த்து அப்படியே விழுங்குவோம். மென்றால் பல்லில் ஒட்டும் என்பார் பாட்டி. அப்படி வளர்ந்த நான், இரைப்பையைச் சிறிதாக்கும் எடைக் குறைப்பு அறுவைக்குத் தயாரானபோது உணவியல் நிபுணர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு வேளைச் சாப்பாட்டை எத்தனை நிமிடத்தில் முடிப்பீர்கள்?" என்பதுதான். அன்று இரவு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். ஏழு நிமிடம்.

அறுவை முடிந்தால் வேகம் தானாகவே குறைந்துவிடும் என்று நம்புவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. நானும் அப்படித்தான் நம்பினேன். ஸ்லீவ் முறையில் இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். வாழைப்பழ வடிவில் ஒரு குழாய்தான் மிஞ்சும். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சிறு பை உருவாக்கி, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள்; அந்தப் பையில் ஏறக்குறைய 30 மில்லிதான் கொள்ளும், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. சுருங்குவது இரைப்பை மட்டுமே. நாற்பது ஆண்டு பழகிய கையும் வாயும் பழைய வேகத்தோடு அப்படியே இருக்கின்றன. அறுவைக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள் நீராகாரமும் மசித்த உணவும்தான் என்பதால், மென்று சாப்பிடப் பழகிக்கொள்ள அப்போது வாய்ப்பே இல்லை. பிறகு கெட்டியான உணவு தொடங்கும் நாளில் பழைய வேகம் திரும்பி வந்து நிற்கும். சரியாக மெல்லாத ஒரு கறித்துண்டோ பரோட்டாத் துண்டோ போதும். நெஞ்சு நடுவில் அடைத்து, வாயில் நுரைநுரையாக எச்சில் ஊறி, வாந்தியில் முடியும். பழைய இரைப்பை நம் அவசரத்தையெல்லாம் பொறுத்துக்கொள்கிறது. அது பொறுத்துக்கொள்ளும் காலத்திலேயே, இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே, பழகத் தொடங்கிவிடுங்கள்.

பழகும்போது பலர் மெல்லும் எண்ணிக்கையில் மட்டும் கவனம் வைக்கிறார்கள். ஒரு வாய்க்கு இருபது, முப்பது முறை மெல்லச் சொல்வது சரியான அறிவுரைதான். ஆனால் நம் வேகம் வாயில் தொடங்குவதில்லை, கையில் தொடங்குகிறது. வாயில் ஒரு கவளம் இருக்கும்போதே விரல்கள் அடுத்ததைப் பிசைந்து, உருட்டி, தட்டின் ஓரத்தில் தயாராக வைத்திருக்கின்றன. கை காத்திருக்கும்போது வாய் எப்படி நிதானமாக மெல்லும்? எனக்கு உதவியது மிக எளிய ஒரு கட்டுப்பாடு: விழுங்கி முடிக்கும் வரை கை சோற்றைத் தொடக்கூடாது. முழுச் சோற்றிலும் குழம்பை ஊற்றிப் பிசையாமல், ஒரு வாய்க்கு வேண்டியதை மட்டும் பிசைய வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. பாதியில் சாப்பாடு ஆறிப்போனது. மூன்றாவது வாரத்தில் ஒரு வேளை இருபது நிமிடத்தைத் தொட்டது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதால், பாதித் தட்டிலேயே போதும் என்ற உணர்வை அப்போதுதான் முதன்முறையாக அறிந்தேன்.

எதை வைத்துப் பழகுகிறோம் என்பதும் முக்கியம். தயிர்ச்சோறும் களியும் குழைந்த ரசம் சோறும் மெல்லாமலே இறங்கிவிடும். அவற்றை வைத்துக்கொண்டு மென்று சாப்பிடக் கற்பது கடினம். சுண்டல், அவித்த காய், கோழிக்கறி போன்றவற்றில் தொடங்குங்கள். அறுவைக்குப் பிறகும் முதலில் சாப்பிட வேண்டியது புரதம்தான். சோற்றுக்கு முன் பருப்பையோ முட்டையையோ எடுக்கும் வரிசையை இப்போதே பழக்கிக்கொள்ளலாம். பின்பற்கள் விழுந்தவர்கள் முதலில் பல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கடைவாய்ப்பல் இல்லாதவரிடம் முப்பது முறை மெல்லச் சொல்வது வீண்.

அடுத்தது தண்ணீர். நம் வீடுகளில் தட்டு வைப்பதற்கு முன் சொம்பு வந்துவிடும். நெஞ்சில் நின்றதைத் தண்ணீர் விட்டு இறக்குவது, மெல்லாமல் விழுங்குவதற்கு நாம் கண்டுபிடித்த வழி. சிறிய இரைப்பையில் தண்ணீரும் சோறும் சேர்ந்தால் இடமிருக்காது. உணவும் சீக்கிரம் கீழே வழிந்து மீண்டும் பசிக்கும். சாப்பிடும்போது குடிக்காமல், முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடிக்கப் பழகுங்கள். ஆனால் வேலூர் வெயிலில் தண்ணீரையே குறைத்துக்கொள்வது இன்னொரு பெரிய தவறு. மே மாதத்தில் இதைத் தொடங்கிய எனக்கு இரண்டே நாளில் தலை சுற்றியது. நாள் முழுவதும் பாட்டிலைக் கையில் வைத்து, மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். சோடாவையும் குளிர்பானங்களையும் இப்போதே விட்டுவிடுவது நல்லது.

மிகவும் வருத்தம் தருவது விடைபெறும் விருந்து. "இனிமேல் சாப்பிட முடியாதே" என்று உறவினர்களே ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் ஆற்காட்டு மக்கன் பேடாவும் வாங்கி வருவார்கள். அன்பினால் செய்கிறார்கள், ஆனால் அறுவைக்கு அது கேடு. கல்லீரலின் இடது பகுதி இரைப்பையின் மேல் படிந்திருக்கிறது. அதைத் தூக்கிப் பிடித்துத்தான் மருத்துவர் இரைப்பையை அடைகிறார். கொழுப்பேறிப் பெருத்த கல்லீரலோடு, வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் துளைவழி அறுவை (லேப்ராஸ்கோபி) சிரமம். அதனால்தான் அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் போல மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த உணவைத் தருகிறார்கள். பிரியாணியும் ஒரேயடியாகப் போய்விடாது. சில மாதம் கழித்து, உடல் ஏற்றால், மெதுவாக நாலு வாய் சாப்பிடலாம். மக்கன் பேடா விஷயம் வேறு. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு அவ்வளவு சர்க்கரை சட்டென்று குடலில் இறங்கினால் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரக்கூடும்.

எடை குறையட்டும் என்று காலை உணவைத் தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்கள் பலர் வெறும் டீயோடு பஸ் ஏறுகிறார்கள். மதிய இடைவேளைக்குள் வரிசை, கைகழுவல் போக எஞ்சும் நேரத்தில் கொலைப்பசியோடு அள்ளிப் போடாமல் என்ன செய்வார்கள்? காலையில் ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ உள்ளே போயிருந்தால் மதியம் கை நிதானமாகும். மதியத்துக்குச் சிறிய டப்பாவில் பாதி அளவு போதும்; மீதியை மாலையில் சாப்பிடலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைப்பதற்கு முன் கட்டாயம் மருத்துவரிடம் பேச வேண்டும். பழைய அளவு மருந்தோடு பாதிச் சாப்பாடு சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

கடைசியாகக் கல்யாணப் பந்தி. நாம் இலையில் இருக்கும்போதே நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்காரர் நிற்பார். எதிரே சாம்பார் வாளி வந்துவிட்டால் ரசத்துக்கு இடம் செய்ய வேண்டும் என்ற பதற்றம் வேறு. அந்த நெருக்கடியில் யாராலும் இருபது நிமிடம் சாப்பிட முடியாது. அதனால் நான் கடைசிப் பந்தியில் உட்காருகிறேன். முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. பரிமாறி ஓய்ந்த வீட்டுக்காரர்களும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பேசிக்கொண்டே மெதுவாகச் சாப்பிடுகிறார்கள்.