சளி ஸ்லைடில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிப்பது எப்படி?

காசநோய்க் கிருமியின் செல்சுவரில் மைக்கோலிக் அமிலம் என்ற மெழுகுத்தன்மையுள்ள கொழுப்பு அடர்ந்திருக்கிறது. அதனால் சாயம் எளிதில் உள்ளே இறங்காது. இறங்கிவிட்டால் அமிலம் ஊற்றினாலும் வெளுக்காது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் இந்தக் கிருமியை அறிவித்தார். அமிலத்துக்கு வெளுக்காத குணத்தை அதே ஆண்டில் பால் எர்லிக் கண்டறிந்தார். சளி ஸ்லைடில் இந்தக் கிருமியை மட்டும் சிவப்பாகக் காட்டும் ஜீல்-நீல்சன் சாயமுறை முழுவதும் இந்தக் குணத்தை நம்பித்தான் நிற்கிறது.

முதலில் சளி. வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழ்ந்து மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்தது குறைந்தது 2 மில்லி வேண்டும். விடியற்காலைச் சளி நல்லது. வெறும் எச்சில் வந்தால் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். பல பரிசோதனைகள் கெடுவது இங்கேதான்.

மஞ்சளாக, கெட்டியாக இருக்கும் பகுதியை ஈர்க்குச்சியால் எடுத்து, புது ஸ்லைடின் நடுவில் 3 × 2 செ.மீ. அளவுக்குப் பரப்புங்கள். சாயமேற்றும் முன், ஸ்லைடுக்கு அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கனம் அதிகம், கழுவும்போது உரிந்துபோகும். 15 முதல் 30 நிமிடம் தானாக உலரட்டும். ஈரத்தோடு தீயில் காட்டினால் கிருமி காற்றில் தெறிக்கும். உலர்ந்தபின் சளியுள்ள பக்கம் மேலே இருக்க, தீயின் மேல் 3 முதல் 5 முறை கடத்துங்கள்.

இனி 1% கார்பால் பியூக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஸ்லைடு மூடும்படி ஊற்றி, அடியிலிருந்து ஆவி எழும்வரை சூடாக்கி, 5 நிமிடம் விடுங்கள். மெழுகுச் சுவருக்குள் சாயத்தைச் செலுத்துவது அதில் கலந்துள்ள கார்பாலிக் அமிலமும் இந்தச் சூடும்தான். கொதிக்கவும் கூடாது, வற்றவும் கூடாது. வற்றினால் சாயப்படிகம் சிவப்பாகப் படிந்து கிருமி போலவே ஏமாற்றும். கழுவி, மற்றவற்றின் சிவப்பு வெளுக்க 25% கந்தக அமிலம் 2 முதல் 4 நிமிடம். இன்னும் சிவப்பு தெரிந்தால் மறுபடி 1 முதல் 3 நிமிடம் ஊற்றுங்கள். கழுவி, 0.1% மெத்திலீன் நீலம் 30 விநாடி. குழாய்த் தண்ணீரில் இதே இனத்தைச் சேர்ந்த, இதைப் போலவே சிவப்பாகத் தெரியும் வேறு மைக்கோபாக்டீரியங்கள் இருக்கலாம் என்பதால் காய்ச்சி வடித்த நீரே பாதுகாப்பு.

எண்ணெய் விட்டு நுண்ணோக்கியின் 100 எக்ஸ் லென்ஸில் பாருங்கள். எண்ணெய்ச் சொட்டுக்குழாயின் நுனி ஸ்லைடைத் தொடக் கூடாது. ஒருவர் கிருமி இன்னொருவர் ஸ்லைடுக்குப் போய்விடும். நீலப் பின்னணியில் லேசாக வளைந்த, சில இடங்களில் மணி கோத்தது போன்ற சிவப்புக் கோல்கள் தெரியும். நீளம் 1 முதல் 4 மைக்ரான். 100 புலங்களை (லென்ஸில் ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டம் ஒரு புலம்) பார்க்காமல் நெகட்டிவ் என்று எழுதாதீர்கள். 100 புலங்களில் 1 முதல் 9 கிருமி என்றால் எண்ணிக்கையை அப்படியே குறியுங்கள்; 10 முதல் 99 என்றால் 1+; புலத்துக்கு 1 முதல் 10 என்றால் 2+; அதற்கு மேல் 3+.

ஒரு மில்லி சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் ஸ்லைடில் சிக்கும். ஆகவே நெகட்டிவ் வந்தும் இருமல், எடைக்குறைவு தொடர்ந்தால் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இறந்த கிருமியும் சிவப்பாகவே தெரியும். உயிரோடிருக்கிறதா என்பதை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான் சொல்லும்; ஒருமுறை பிளவுபடவே ஏறக்குறைய 20 மணி நேரம் எடுக்கும் கிருமி என்பதால், திட ஊடகத்தில் அதற்கு 8 வாரம் வரை காத்திருக்க வேண்டும்.